சனிக்கோள், வளையங்கள், நிலாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கியில் சனியைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா போவதில்லை. ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். "இது எப்படித் தெரிந்தது?" என்பதற்குப் பதில்களில் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன். சனியின் படங்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆனால் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் வானொலி அலையில் தெரிந்த சிறு மாற்றத்திலிருந்தும், காந்தமானி காட்டிய வளைவிலிருந்தும், எண்ணிப் பார்த்த தூசியிலிருந்தும் வந்தவை.

வெறும் கண்ணுல சனி தெரியுமா? வளையமும் தெரியுமா?

கோள் தெரியும், வளையம் தெரியாது. மினுக்காமல் நிற்கும் இளமஞ்சள் புள்ளியாகச் சனி தெரியும். இருநோக்கியில் பார்த்தால் அந்தப் புள்ளி சற்று நீண்டிருப்பதாகத் தோன்றலாம், அவ்வளவுதான். வளையம் தனியாகத் தெரிய ஒரு சிறு தொலைநோக்கியும் சுமார் 25 மடங்கு உருப்பெருக்கமும் வேண்டும். பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் அது சனியின் மிகப் பெரிய நிலாவான டைட்டனாக இருக்கலாம்.

1610ல் பார்த்த கலிலியோவே, சனியின் இரு பக்கமும் இரண்டு சிறு கோள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தார். 1612ல் மறுபடி பார்த்தபோது இரண்டையும் காணோம். மனிதர் குழம்பிப்போனார். கோளை எங்கும் தொடாத மெல்லிய தட்டையான வளையம் அது என்று 1659ல் அச்சில் விளக்கியவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1655ல் டைட்டனைக் கண்டுபிடித்தவரும் இவரே.

சில வருஷம் முன்னாடி வளையம் அகலமா இருந்துச்சு. 2025ல பார்த்தா வெறும் கோடு. கரைஞ்சு போச்சா?

கரையவில்லை, நாம் பார்க்கும் கோணம் மாறியிருக்கிறது. சனியின் அச்சு 26.7 டிகிரி சாய்ந்திருக்கிறது. அது சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 29 ஆண்டு 5 மாதம் ஆகும். அந்தக் காலத்துக்குள் வளையத்தின் வடக்கு முகத்தைச் சில ஆண்டுகளும் தெற்கு முகத்தைச் சில ஆண்டுகளும் பார்க்கிறோம். நடுவில் இரண்டு தடவை வளையத்தை அதன் விளிம்பு வழியாகப் பார்க்க நேர்கிறது. 2025 மார்ச் 23 அப்படி ஒரு நாள். கலிலியோ 1612ல் பார்த்துக் குழம்பியதும் இதேதான். 2032 வாக்கில் வளையம் நன்றாக விரிந்து தெரியும். அடுத்த தடவை விளிம்பு தெரிவது 2038ல்.

விளிம்பு வழியாகப் பார்த்தால் காணாமல் போகும் அளவுக்கு அது மெல்லியது. முதன்மை வளையங்களின் குறுக்களவு சுமார் 2,73,000 கி.மீ. தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். அந்தச் சமதளத்திலும் மேடுகள் உண்டு. 2009 ஆகஸ்டை ஒட்டிச் சூரிய ஒளி வளையத்தின் மேல் கிடையாக விழுந்தபோது, பி வளையத்தின் (வளையங்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர்; முதன்மையானவை உள்ளிருந்து வெளியே சி, பி, ஏ) வெளி விளிம்பில் நீள நிழல்கள் விழுந்ததைச் சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் படமெடுத்தது. நிழலின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டதில், துகள்கள் 2.5 கி.மீ. உயரம்வரை குவிந்து நிற்பது தெரிந்தது. மற்ற காலத்தில் எடுத்த படங்களில் அந்த மேடுகளுக்குத் தடயமே கிடையாது.

வளையம்னா கெட்டியான தகடா? இல்ல புகையா?

இரண்டும் இல்லை. ஏறக்குறைய முழுக்க நீர்ப்பனிக் கட்டிகள். தூசியளவில் தொடங்கிப் பத்து மீட்டர்வரை எல்லா அளவிலும் உண்டு. ஒவ்வொரு கட்டியும் தனக்கென்று ஒரு சுற்றுப்பாதையில் சனியைச் சுற்றுகிறது.

விண்கலம் போவதற்கு வெகு காலம் முன்பே இது தெரிந்துவிட்டது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். கெட்டியான தகடாக இருந்தால் அது நிலைத்து நிற்க முடியாது, எண்ணற்ற தனித் துகள்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இயற்பியலர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டே காட்டினார். அந்தக் கட்டுரை 1859ல் வெளியானது. 1895ல் வானியலர் ஜேம்ஸ் கீலர் வளையத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதன் நிறமாலையை எடுத்துப் பார்த்தார். பொருள் போகும் வேகத்துக்கு ஏற்ப நிறமாலைக் கோடுகள் இடம் மாறும். ஒரே தகடாகச் சுழன்றால் வெளி ஓரம்தான் வேகமாகப் போக வேண்டும். நிறமாலை காட்டியது நேரெதிர்: உள்ளோரம் வேகம், வெளியோரம் மெதுவு. இன்றைய கணக்கில் சி வளையத்தின் உள்ளோரம் நொடிக்கு சுமார் 23 கி.மீ., ஏ வளையத்தின் வெளியோரம் சுமார் 17 கி.மீ.

அவ்வளவு ஐஸ் கட்டியும் சேர்ந்து ஒரு நிலாவா ஆகியிருக்கலாமே?

சனிக்கு மிக அருகில் இருப்பதால் முடிவதில்லை. கட்டிகள் ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பைவிட, கட்டியின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சனி வேறு வேறு அளவில் இழுப்பது வலுவாக இருக்கிறது. சேர்ந்தது பிரிந்துவிடும். எவ்வளவு தூரம்வரை இப்படி என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுவார் ரோஷ் கணக்கிட்டார். ரோஷ் எல்லை என்பது அதுதான்.

வளையத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு இடைவெளி தெரியுதே, அது ஏன்?

அது காசினிப் பிரிவு. சுமார் 4,700 கி.மீ. அகலம். 1675ல் ஜியோவானி டொமினிகோ காசினி கண்டது. விண்கலத்துக்கு வைத்ததும் அவர் பெயரைத்தான். அந்த இடைவெளியின் உள் விளிம்பில் சுற்றும் துகள், மைமாஸ் என்ற நிலா ஒருமுறை சுற்றும் நேரத்தில் இரண்டு முறை சுற்றிவிடும். அதனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மைமாஸின் இழுப்பு கிடைத்து, பாதை குலைந்துவிடுகிறது. இதற்கு ஒத்திசைவு என்று பெயர். பின்னால் வரும் பதில்களிலும் இது தலைகாட்டும்.

எல்லா இடைவெளிக்கும் இதே காரணம் இல்லை. ஏ வளையத்தில் கீலர் இடைவெளி என்று ஒரு குறுகிய சந்து உண்டு, அதற்குள்ளேயே டாஃப்னிஸ் என்று ஒரு நிலா ஓடுகிறது. குறுக்களவு 8 கி.மீ. அளவுதான். ஆனால் அது போகும் வழியெல்லாம் வளையத்தின் இரு கரைகளிலும் அலை எழுகிறது. உள் கரையில் துகள்கள் டாஃப்னிஸை முந்தி ஓடுவதால் அங்கே அலை அதற்கு முன்னால் இருக்கும், வெளிக் கரையில் பின்னால் இருக்கும். கீலரின் நிறமாலை சொன்ன அதே வேக வித்தியாசத்தை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

வளையம் சனி மேல மழையா விழுந்துட்டு இருக்குன்னு செய்தி வந்துச்சே, நிஜமா?

நிஜம்தான். மின்னூட்டம் பெற்ற நுண்ணிய பனித்துகள்கள் சனியின் காந்தப்புலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வளிமண்டலத்தில் இறங்குகின்றன. ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி அவதானங்களை வைத்து 2018ல் வெளியான கணக்குப்படி, நொடிக்கு 432 முதல் 2,870 கிலோவரை விழுகிறது. இதே வேகத்தில் போனால் வளையங்களுக்கு சுமார் 30 கோடி ஆண்டு ஆயுள். இதைத் தவிர, காசினி தன் கடைசி மாதங்களில் வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே பறந்தபோது, சனியின் நடுக்கோட்டுப் பகுதியில் இன்னும் அதிகப் பொருள் விழுவதை அளந்தது. இரண்டையும் சேர்த்தால் 10 கோடி ஆண்டுக்கும் குறைவு. இன்றைய வேகமே என்றும் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது.

டைனோசர் காலத்துல சனிக்கு வளையமே இல்லைன்னு சொல்றாங்க. உறுதியா சொல்ல முடியுமா?

முடியாது. சனி ஆராய்ச்சியில் இப்போது சூடான சண்டை இதில்தான்.

வளையம் இளையது என்பவர்களின் வாதம் இப்படி: விண்வெளித் தூசி ஓயாமல் வளையத்தின் மேல் விழுகிறது. தூசியில் பாறையும் கரிமப் பொருளும் உண்டு. 450 கோடி ஆண்டாக விழுந்திருந்தால் வளையம் இந்நேரம் கறுத்திருக்க வேண்டும், ஆனால் பளிச்சென்று இருக்கிறது. எவ்வளவு காலமாகத் தூசி விழுகிறது என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும்: வளையத்தின் மொத்த நிறை, அதில் அழுக்கின் பங்கு, தூசி விழும் வேகம். நிறையை 2017ல் காசினி அளந்தது. வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே பறக்கும்போது வளையத்தின் ஈர்ப்பால் கலத்தின் வேகம் நூலளவு மாறும், அந்த மாற்றம் அது அனுப்பும் வானொலி அலையில் தெரியும். விடை, மைமாஸ் நிலாவின் நிறையில் சுமார் 40 சதவீதம். தூசி வேகத்தை அளக்க 13 ஆண்டு ஆனது. அத்தனை ஆண்டில் காசினியின் தூசிக் கருவியில் சிக்கியவற்றில், சனி மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்தவை என்று பிரித்தெடுக்க முடிந்தவை வெறும் 163 துகள்கள். அவற்றை வைத்து, வளையத்தின் வயது 40 கோடி ஆண்டைத் தாண்டாது என்று 2023ல் ஒரு குழு சொன்னது.

மறுதரப்பு 2024 டிசம்பரில் கேட்டது: விழும் தூசி வளையத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று யார் சொன்னது? நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் மோதும் துகள் ஆவியாகிவிடும். அந்த ஆவியில் பெரும்பகுதி சனிக்குள் விழும், அல்லது மண்டலத்தை விட்டே போய்விடும் என்கிறது அவர்களுடைய கணினி மாதிரி. அப்படியானால் பழைய வளையமும் சுத்தமாக இருக்கலாம். என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு எண்களில் தகராறு பெரிதாக இல்லை, மூன்றாவது எண்ணை என்ன செய்வது என்பதில்தான் வழக்கு. அது தீரும்வரை டைனோசரை இதில் இழுக்காமல் இருப்பது நல்லது.

சனியைத் தண்ணியில போட்டா மிதக்குமாமே?

அதன் சராசரி அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.69 கிராம், தண்ணீரைவிடக் குறைவு. அதிலிருந்து பிறந்த பேச்சு இது. அதைத் தாங்கும் கடல் எங்கும் இல்லை என்பது ஒரு பக்கம். சனி ஒரு கெட்டிப் பந்தும் இல்லை, வாயுவும் திரவமுமான உருண்டை. மையத்தில் அடர்த்தி தண்ணீரைவிடப் பல மடங்கு. அடர்த்தி எவ்வளவு என்று நினைவில் வைத்துக்கொள்ள உதவும், வேறு பயன் இல்லை.

தரையே கிடையாதுன்னா காசினி எங்க போய் விழுந்துச்சு?

எங்கும் விழவில்லை. எரிந்து ஆவியாகிச் சனியிலேயே கலந்துவிட்டது. 2017 செப்டம்பர் 15 அன்று, மேகங்களுக்கு சுமார் 1,900 கி.மீ. மேலேயே காற்று அதைத் திருப்பத் தொடங்கியது. ஆன்டெனா பூமியைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று சிறு உந்திகள் எதிர்த்துத் தள்ளின. அவற்றின் பலம் தீர்ந்ததும் சமிக்ஞை நின்றது. பூமியில் அது நின்றபோது கலம் அழிந்து 83 நிமிடம் ஆகியிருந்தது.

வேண்டுமென்றே செய்த காரியம் இது. எரிபொருள் தீரும் நிலையில் இருந்தது. கட்டுப்பாடு போன கலம் என்றாவது சனியின் நிலாக்களான என்செலடஸ் அல்லது டைட்டனில் மோதினால், பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர் அங்கே பரவக்கூடும் என்ற அச்சம். அதற்கு முன் 22 முறை, கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள சுமார் 2,000 கி.மீ. சந்தில் அதைப் பறக்கவிட்டார்கள். முதல் பாய்ச்சலில் பெரிய ஆன்டெனாவை முன்னால் கேடயமாகத் திருப்பி வைத்தார்கள். தூசி மோதும் ஓசை சரமாரியாகக் கேட்கும் என்று எதிர்பார்த்தால், அலைக் கருவியின் பதிவில் ஒன்றிரண்டு தட்டல்தான் இருந்தது. சந்து ஏறக்குறைய காலி.

சனியில ஒரு நாள் எவ்வளவு நேரம்? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு கணக்கு போட்டிருக்கே?

உங்கள் புத்தகத்தின் மேல் தப்பில்லை. தரை இல்லாத கோளில் எதைப் பார்த்து எண்ணுவது? மேகங்கள் இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் ஓடுகின்றன. நடுக்கோட்டில் காற்று மணிக்கு 1,800 கி.மீ. வியாழன் போன்ற கோள்களில் காந்த அச்சு சாய்ந்திருப்பதால், கோள் சுற்றும்போது காந்தப்புலம் தள்ளாடும், அதை வைத்து எண்ணலாம். சனியில் அதற்கும் வழியில்லை. காந்த அச்சும் சுழல் அச்சும் 0.01 டிகிரிகூட விலகவில்லை.

முன்பு சனியைக் கடந்துபோன வாயேஜர் கலங்கள் அதன் வானொலித் துடிப்பை வைத்து 10 மணி 39 நிமிடம் என்றன. காசினி போய் அளந்தால் துடிப்பு ஆறு நிமிடம் நீண்டிருந்தது. கோள் அப்படித் திடீரென்று மெதுவாகாது. பிறகு பார்த்தால் வடக்கில் ஒரு துடிப்பு, தெற்கில் வேறொன்று. அது கோளின் உள்ளே நடப்பதைக் காட்டவில்லை என்று புரிந்தது.

கடைசியில் கைகொடுத்தது வளையம். சனியின் உடல் உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்வால் ஈர்ப்பும் நூலளவு ஏறி இறங்குகிறது. மேலே மைமாஸ் செய்ததாகச் சொன்ன அதே ஒத்திசைவு வேலையை இந்த அதிர்வுகள் சி வளையத்தில் செய்து, அங்கே சுருள் அலைகளை எழுப்புகின்றன. வளையத்தின் பின்னால் ஒரு விண்மீன் மறையும்போது அதன் ஒளி ஏறி இறங்குவதைக் காசினி பதிவு செய்தது. அதில் அந்த அலைகள் இருந்தன. அவற்றை வைத்து 2019ல் கிடைத்த விடை 10 மணி 33 நிமிடம் 38 நொடி. ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம். சனியின் மையக்கரு கெட்டிப் பந்தாக இல்லாமல், ஆரத்தில் 60 சதவீதம்வரை கலங்கலாகப் பரவியிருக்கிறது என்று 2021ல் கண்டதும் இதே அலைகளைக் கொண்டுதான்.

வட துருவத்துல அறுகோணம் இருக்கே, அது யாரோ கட்டினதா?

காற்று கட்டியது. துருவத்தைச் சுற்றி ஓடும் ஒரு காற்றோட்டம் வளைந்து வளைந்து ஓடுகிறது, வளைவு ஆறு இருப்பதால் அறுகோணம். ஒரு பக்கம் சுமார் 14,500 கி.மீ., பூமியின் குறுக்களவைவிட அதிகம். வாயேஜர் படங்களை ஒட்டிச் சேர்த்துப் பார்த்து 1988ல் அறிவித்தார்கள். சுழலும் தொட்டியில் திரவத்தை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு ஆய்வகத்திலேயே இதுபோன்ற பல்கோணங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். தென் துருவத்தில் ஏன் இது இல்லை என்பதற்கு இன்னும் எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை.

படத்துல வர்ற கலர் எல்லாம் நிஜம்தானா?

சில நிஜம், சில இல்லை. காசினியின் கேமரா கறுப்பு வெள்ளைதான். முன்னால் வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து எடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியும் நிறம் கிடைக்கும்: வெளிர்மஞ்சள், கொஞ்சம் சலிப்பான நிறம்தான். அகச்சிவப்பில் எடுத்ததற்கு நிறம் பூசினால் அந்தக் கண்ணைப் பறிக்கும் படங்கள் வரும். மீத்தேன் எங்கே அடர்த்தி, மேகம் எந்த உயரம் என்பதைக் காட்டத்தான் அந்தப் பூச்சு. படத்தின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கு மொத்தம் எத்தனை நிலா?

2025 மார்ச் நிலவரப்படி 274. அந்த மாதம் ஒரே மூச்சில் 128 புதியவை சேர்ந்தன. பெரும்பாலானவை சில கி.மீ. அளவுள்ள, தொலைவில் தாறுமாறான பாதையில் சுற்றும் துண்டுகள். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். சனியைச் சுற்றும் பொருளில் 95 சதவீதத்துக்கு மேல் டைட்டன் ஒன்றிலேயே இருக்கிறது.

காசினி போய்ச் சேர ஏழு வருஷம் ஏன்? அதுவும் முதல்ல வெள்ளிப் பக்கம் போச்சாமே, எதிர்த் திசையில?

கலத்தின் எடை 5,700 கிலோ. அதை நேரே சனிக்கு வீசும் பலம் எந்த ராக்கெட்டுக்கும் அப்போது இல்லை. அதனால் வழியில் கோள்களிடம் வேகம் வாங்கிக்கொண்டது. 1997 அக்டோபர் 15ல் கிளம்பி, 1998லும் 1999லும் வெள்ளி, 1999 ஆகஸ்டில் பூமி, 2000 டிசம்பரில் வியாழன் என்று ஒவ்வொன்றின் பக்கமாகவும் போய், 2004 ஜூலை 1ல் சனியின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. முன்பு போன பயனியர் 11 (1979), வாயேஜர் 1 (1980), வாயேஜர் 2 (1981) மூன்றும் கடந்துதான் போயின. தங்கியது காசினி மட்டும்.

டைட்டன்ல கடல் இருக்குன்னா தண்ணியா? குளிக்கலாமா?

தண்ணீர் இல்லை, திரவ மீத்தேனும் ஈத்தேனும். வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி. அந்தக் குளிரில் தண்ணீர் பாறைக்குச் சமானம், மீத்தேன்தான் மழையாகப் பெய்து ஆறாக ஓடிக் கடலில் சேர்கிறது. கிராக்கன் மாரே, லைஜியா மாரே என்று பெரிய கடல்கள் வட துருவத்துப் பக்கம் இருக்கின்றன. லைஜியாவின் அடிவரை காசினியின் ரேடார் எட்டியது. கடல்பரப்பில் ஓர் எதிரொலி, அடித்தரையில் ஓர் எதிரொலி. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து ஆழம் கிடைத்தது: அதிகபட்சம் சுமார் 160 மீட்டர்.

டைட்டன் புதன் கோளைவிடப் பெரியது, குறுக்களவு 5,150 கி.மீ. தரையில் காற்றழுத்தம் பூமியைவிட ஒன்றரை மடங்கு. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். சூரிய ஒளி மீத்தேனை உடைத்துக்கொண்டே இருக்கிறது. சில கோடி ஆண்டுகளில் அது தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. எங்கிருந்தோ புதிதாக வருகிறது.

ஹைகன்ஸ் இறங்கினப்ப பாதிப் படம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே?

உண்மை. 2005 ஜனவரி 14ல், காசினி சுமந்துபோன ஐரோப்பியக் கலமான ஹைகன்ஸ் இரண்டரை மணி நேரம் பாராசூட்டில் இறங்கி டைட்டனின் தரையைத் தொட்டது. அது இரண்டு வானொலித் தடங்களில் தகவல் அனுப்பியது. ஒரு தடத்தின் வாங்கியை (ரிசீவரை) இயக்கும் கட்டளை காசினிக்குப் போகவில்லை. சுமார் 700 படங்களில் பாதிதான் கிடைத்தது. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனையும் அந்தத் தடத்தைத்தான் நம்பியிருந்தது. ஆனால் பூமியிலிருந்த வானொலித் தொலைநோக்கிகள் நூற்றிருபது கோடி கி.மீ. தாண்டி வந்த அந்த மெல்லிய அலையை நேரடியாகவே பிடித்துவிட்டன. காற்றுக் கணக்கு பிழைத்தது.

இதைவிடப் பெரிய கண்டம் ஒன்று முன்பே விலகியிருந்தது. இரண்டு கலமும் ஒன்றையொன்று நெருங்கும் வேகத்தால் வானொலி அலைவெண் மாறும். வாங்கியின் வடிவமைப்பு அந்த அளவு மாற்றத்துக்கு ஈடுகொடுக்காது என்று 2000ல், கலம் பாதி வழியில் இருக்கும்போது, ஒரு சோதனையில் தெரியவந்தது. வாங்கியைத் தொட முடியாது. அதனால் பாதையை மாற்றினார்கள். காசினி இன்னும் தள்ளிப் பறக்கும்படி செய்து, நெருங்கும் வேகத்தைக் குறைத்தார்கள். 2004 நவம்பருக்கு இருந்த இறக்கம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது அதனால்தான்.

என்செலடஸ்ல கடல் இருக்குன்னு தோண்டாமலே எப்படித் தெரியும்?

படிப்படியாகத் தெரிந்தது. 504 கி.மீ. குறுக்களவுள்ள சின்ன நிலா, உறைந்து கிடக்கும் என்றுதான் நினைத்தார்கள். 2005 பிப்ரவரியில் காசினி அருகே போனபோது, சனியின் காந்தப்புலம் அந்த நிலாவைச் சுற்றி விலகி வளைவதைக் காந்தமானி காட்டியது. ஏதோ வாயு இருந்தால்தான் அப்படி வளையும். காந்தமானிக் குழு கேட்டுக்கொண்டதன்பேரில் ஜூலையில் 173 கி.மீ. நெருக்கத்தில் பறந்தார்கள். தென் துருவத்தில் நான்கு நீண்ட பிளவுகள், அவற்றில் சூடு, அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டன. சனியின் இ வளையமே இந்தப் பனியால் ஆனது.

பீறிடும் துகளில் உப்பு இருந்தது. அப்படியென்றால் நீர் பாறையைத் தொட்டிருக்கிறது. அடுத்த கேள்வி: துருவத்தில் மட்டும் ஒரு குளமா, முழு நிலாவுக்கும் கடலா? பச்சை முட்டையையும் வேகவைத்த முட்டையையும் சுழற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமல்லவா, ஏறக்குறைய அதே உத்தி. ஏழு ஆண்டுப் படங்களில் பள்ளங்களின் இடத்தைக் குறித்துக்கொண்டே வந்ததில், நிலா சுற்றும்போது மேலோடு 0.12 டிகிரி அசைந்தாடுவது தெரிந்தது. மேலோடு பாறைக்கருவோடு ஒட்டியிருந்தால் இவ்வளவு ஆட முடியாது. நடுவில் முழுக்கத் திரவம் இருக்க வேண்டும். 2015ல் வந்த முடிவு இது. உறையாமல் இருக்கச் சூடு எப்படி என்றால், டையோனி நிலாவோடு உள்ள ஒத்திசைவு. என்செலடஸின் பாதை வட்டமாகிவிடாமல் டையோனி பிடித்து வைத்திருக்கிறது, சனி அதைக் கசக்கிக்கொண்டே இருக்கிறது.

அப்ப அங்க உயிர் இருக்குதானே?

உயிருக்குத் தேவையானவை பல இருக்கின்றன. சிலிக்கா நுண்துகள்கள், கடலடியில் 90 டிகிரிக்கு மேல் சூடான நீர் இருப்பதைக் காட்டின. 2017ல் ஹைட்ரஜன் கிடைத்தது. பூமியின் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் சில நுண்ணுயிர்கள் அதை உண்டுதான் வாழ்கின்றன. 2023ல், இ வளையத் துகள்களின் பழைய தரவிலிருந்து பாஸ்பேட் தெரியவந்தது.

இவற்றில் எதுவும் உயிருக்குச் சான்று இல்லை. ஹைட்ரஜன் மிச்சமிருப்பது, அதைத் தின்ன அங்கே யாரும் இல்லை என்பதாலும் இருக்கலாம். காசினியின் கருவிகள் உயிரைத் தேடச் செய்யப்பட்டவையும் அல்ல. பீற்று இருப்பதே தெரியாத காலத்தில் கட்டியவை அவை.

மைமாஸ்லயும் கடலாம். அதோட முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே?

தெரியவே தெரியாது. 396 கி.மீ. அளவுள்ள நிலா, முழுக்கப் பள்ளம், விரிசலோ பீற்றோ இல்லை. ஆனால் அதன் சுற்றுப்பாதை மெல்லத் திரும்பும் விதம், உள்ளே கெட்டியாக இருந்தால் பொருந்தவில்லை. 20 முதல் 30 கி.மீ. பனிக்கு அடியில் கடல், அதுவும் உருவாகி 2.5 கோடி ஆண்டுகூட ஆகாத கடல் என்று 2024ல் சொன்னார்கள். மேலோட்டில் தடயம் இல்லாததற்கு அந்த இளமைதான் காரணமாம். என்செலடஸ் அளவுக்குப் பலமான சான்றுகள் இதற்கு இல்லை.

ஐயாபிட்டஸ் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. யார் பெயின்ட் அடிச்சது?

வெகு தொலைவில் எதிர்த் திசையில் சுற்றும் ஃபீபி என்ற நிலாதான் ஆரம்பித்து வைத்தது. அதன் தூசியால் ஆன பிரமாண்ட வளையத்தை ஸ்பிட்சர் தொலைநோக்கி 2009ல் கண்டது. ஐயாபிட்டஸின் முன்பக்கம் அந்தத் தூசியில் மோதிக் கறுக்கிறது. கறுத்த இடம் வெயிலை அதிகம் உறிஞ்சும், அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த வெள்ளைப் பக்கத்தில் படியும். கறுப்பு மேலும் கறுப்பாகும். காசினி என்ற மனிதர் 1671ல் இந்த நிலாவைக் கண்டபோதே, சனியின் ஒரு பக்கத்தில் தெரிகிறது, மறுபக்கம் போனால் மறைகிறது என்று கவனித்து, அதன் ஒரு முகம் கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஊகித்துவிட்டார்.

சனி ஏன் இவ்வளவு சாய்ஞ்சிருக்கு? ஒரு நிலா உடைஞ்சுதான் வளையம் வந்துச்சாமே, ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு என்று 2022ல் ஒரு கருதுகோள் வந்தது. சனியின் அச்சு தள்ளாடும் பம்பரம்போல மெல்லச் சுற்றும் காலம், நெப்டியூன் பாதையின் ஒரு காலக்கணக்கோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அந்த ஒத்திசைவின் பிடியில் சிக்கித்தான் சனி சாய்ந்தது என்பது பழைய எண்ணம். இன்றைய அளவுகளை வைத்துப் பார்த்தால் சனி அந்தப் பிடிக்குச் சற்று வெளியே இருக்கிறது. முன்பு இன்னொரு நிலா இருந்து, சுமார் 16 கோடி ஆண்டு முன்பு சனிக்கு மிக அருகில் வந்து சிதைந்திருந்தால் இரண்டும் சரியாகும்: பிடி விட்டுப்போகும், சிதைந்த பனியில் கொஞ்சம் வளையமாகும். அந்த நிலாவுக்குக் கிரிசாலிஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். டைட்டன் ஆண்டுக்கு 11 செ.மீ. வீதம் சனியை விட்டு விலகிப் போகிறது என்ற 2020ம் ஆண்டு அளவீடு இந்தக் கதைக்கு ஆதாரத் தூண்; டைட்டன் நகர நகர, சனியின் அச்சு சுற்றும் காலமும் மாறும்.

அழகான கதை. ஆனால் மேலே சொன்ன வளைய வயதுச் சண்டையில் "பழையது" என்னும் தரப்பு வென்றால், இதன் ஒரு கால் ஒடிந்துவிடும்.

இப்ப சனிகிட்ட ஒரு கலமும் இல்லையே. அப்ப ஆராய்ச்சி நின்னு போச்சா?

இல்லை. பாஸ்பேட் செய்தி கலம் எரிந்து ஆறு ஆண்டு கழித்துப் பழைய தரவிலிருந்து வந்ததுதானே. காசினி எடுத்த 4,53,048 படங்களில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, என்செலடஸின் நீராவிப் பீற்று 9,600 கி.மீ.க்கு மேல் நீள்வதை 2023ல் காட்டியது.

அடுத்துப் போவது டிராகன்ஃபிளை. எட்டுச் சுழலிகள் வைத்த, ஒரு கார் அளவுள்ள நாசாவின் பறக்கும் கலம். 2028 ஜூலையில் ஏவி 2034ல் டைட்டனில் இறக்கத் திட்டம். அடர்ந்த காற்று, பூமியில் ஏழில் ஒரு பங்கு ஈர்ப்பு என்பதால் அங்கே பறப்பது இங்கே பறப்பதைவிட எளிது. மங்கிய வெளிச்சத்தில் சூரியத் தகடு உதவாது, அதனால் மின்சாரத்துக்குப் புளுட்டோனியம். டைட்டனில் ஒரு பகல் நம் கணக்கில் எட்டு நாள். பகலில் பறந்து, இறங்கி, மண்ணைத் துளைத்துச் சோதிக்கும். இரவில் பறக்காது, உட்கார்ந்தபடி நில அதிர்வைக் கேட்கும். முக்கியமாகப் போக வேண்டிய இடம் செல்க் என்ற விண்கல் பள்ளம். மோதிய சூட்டில் அங்கே பனி உருகி, தண்ணீரும் கரிமப் பொருளும் சில காலம் கலந்து கிடந்திருக்கலாம். அதற்குள் என்ன நடந்தது என்று பார்க்கத்தான் அந்தப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.